பெயரை மட்டும் எடுத்துவிட்டோம்

கேள்வித்தாள் தயாரிப்பதையும் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்குவதையும் உங்களுக்குச் சொல்லித்தர ஆட்கள் இருக்கிறார்கள். என்னைவிட நன்றாகவே சொல்லித்தருவார்கள். ஆய்வுப் பணிக்குப் புதிதாக வந்திருப்பவர்களுக்காக ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று துறையிலிருந்து கேட்டபோது, சரியாக நடந்தவற்றை எழுதலாமா என்றுதான் முதலில் நினைத்தேன். அவற்றைப் படித்தால் உங்களுக்குப் பொழுது போகும். அவ்வளவுதான். அதனால், மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில் இருபத்தாறு ஆண்டுகள் பல்கலைக்கழக விரிவுரையாளராக இருந்த நான் ஒரு பெண்ணுக்குச் செய்த கெடுதலை எழுதுகிறேன்.

அவருக்குப் பாக்கியம் என்று பெயர் வைக்கிறேன். அது அவர் பெயர் இல்லை. அவர் இருந்த தோட்டக் குடியிருப்பு காஹாங் போகும் சாலையில் எங்கோ இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அதுவும் உண்மையாக இருக்க வேண்டியதில்லை. கூட வருகிறவர்களின் பெயர், சில ஊர்கள், சில வேலைகள் எல்லாவற்றையும் மாற்றியிருக்கிறேன். நான் செய்ததையும் செய்யாமல் விட்டதையும் மட்டும் மாற்றவில்லை.

கணவர் வழியாக எச்.ஐ.வி. தொற்று வந்த பெண்களைப் பற்றிய ஆய்வு அது. குளுவாங் வட்டாரத்தில் பதினொரு பெண்கள் எங்களிடம் பேச ஒப்புக்கொண்டார்கள். அரசாங்க கிளினிக்கில் அவர்களைக் கவனித்துவந்த தாதி ஒருவர், ஒவ்வொருவரையும் தனியாகக் கேட்டு, சரி என்றவர்களை மட்டும் எங்களிடம் அனுப்பினார். நேர்காணல்களை எடுத்தவள் மோகனா. என்னுடைய முதுகலை மாணவி. தோட்டத்தில் பிறந்தவள், அப்பா செம்பனைக் குலை வெட்டுபவர். எந்த வீட்டில் வாசலில் நின்று பேச வேண்டும், எந்த வீட்டில் நேராகச் சமையலறைக்குப் போய்விட வேண்டும் என்பது அவளுக்குச் சொல்லிக்கொடுக்காமலே தெரிந்திருந்தது. அந்தப் பெண்களின் வீடுகளுக்கு மாதக்கணக்கில் போய் வந்தாள். நான் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒருமுறையோ இரண்டு முறையோ போனதோடு சரி.

பாக்கியத்துக்கு அப்போது நாற்பது வயது இருக்கும். தமிழ்ப்பள்ளி கேண்டீனில் சமையல் வேலை. கணவர் ஊசி போட்டுக்கொள்ளும் பழக்கத்தில் விழுந்து, நோய் வந்து, இறந்துபோயிருந்தார். நெஞ்சுச் சளி என்று ஊருக்குச் சொல்லியிருந்தார்கள். ஒரே மகள், பதினேழு வயது, பள்ளியில் ஐந்தாம் படிவம் படித்துக்கொண்டிருந்தாள். அம்மா மாதாமாதம் இரத்த அழுத்தத்துக்கு மருந்து வாங்கக் குளுவாங் போகிறார் என்றுதான் அவளும் நம்பியிருந்தாள்.

முதல்முறை பார்த்தபோது நான் எந்த ஆஸ்பத்திரி டாக்டர் என்று பாக்கியம் கேட்டார். நான் மருத்துவர் இல்லை, நிறைய படித்ததால் அப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று விளக்கினேன்.

“அப்ப ஊசி போடாத டாக்டரு,” என்றார். “கேள்வி மட்டும் கேப்பீங்க. ஊசியே தேவல போலிருக்கு.”

மோகனா விழுந்து விழுந்து சிரித்தாள். பாக்கியம் அப்படிப்பட்டவர். சோகத்தைச் சொல்லும்போதும் கேட்கிறவர்களைச் சிரிக்க வைத்துவிடுவார். அந்த நேர்காணலில் அவர் சொன்ன ஒன்றை மோகனா எழுத்தில் கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள். ஏறக்குறைய இப்படி இருந்தது:

“புருசன் நோயை ஏத்திட்டுப் போயிட்டாரு. மாமியா பழிய ஏத்துறாங்க. கிளினிக்குல மருந்த ஏத்துறாங்க. நான் என்ன லோரியா, ஆளாளுக்கு ஏத்திவிட?”

இதுவும் அவர் சொன்ன வாக்கியம் இல்லை. அவர் சொன்னது இதைவிட நன்றாக இருந்தது. அதை இனி எங்கேயும் எழுதமாட்டேன்.

அந்த வருடம் கோலாலம்பூரில் நடந்த ஒரு கருத்தரங்கில் அந்த வாக்கியத்தைத் திரையில் போட்டேன். அரங்கம் அமைதியானது. முன்வரிசையில் ஓர் அம்மையார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு கைத்தட்டினார்கள். தேநீர் இடைவேளையில் ஐந்தாறு பேர் என்னைத் தேடி வந்து அந்த வாக்கியத்தைப் பற்றியே பேசினார்கள். அந்தக் கைத்தட்டல் எனக்குப் பிடித்திருந்தது. இதை மறைத்துவிட்டு மீதியைச் சொல்வதில் பயனில்லை.

ஆய்வு முடிந்ததும் முடிவுகளை மக்களிடமே கொண்டுபோய்ச் சொல்ல வேண்டும் என்பது ஆய்வுத் திட்டத்தில் இருந்த கடமை. நான் அதை மனதார நம்பியவள். அறியாமையால் ஒதுக்குகிறார்கள், தெரிந்தால் ஒதுக்கமாட்டார்கள் என்று நினைத்தேன். திட்டத்தை மூட வேண்டிய தேதியும் நெருங்கிக்கொண்டிருந்தது. பாக்கியம் இருந்த குடியிருப்பின் கோயில் தலைவர் மண்டபத்தைத் தருவதாகச் சொன்னார். வேறு இடம் தேட நேரம் இல்லை. ‘பெண்கள் நலம்’ என்று பொதுவாக அறிவிப்பு ஒட்டச் சொன்னேன்.

குளுவாங் டவுனில் வைத்துக்கொள்ளலாமே என்றாள் மோகனா. டவுனுக்கு இவர்கள் வரமாட்டார்கள் என்றேன். பாக்கியத்தைத் தொலைபேசியில் அழைத்து, ஆய்வைப் பற்றிப் பேசப்போகிறோம் என்று சொன்னேன். பேர் வராதில்ல என்று கேட்டார். வராது என்றேன். கூட்டத்துக்குச் சாப்பாடு அவரிடமே சொல்லலாம், அவருக்கும் நாலு காசு கிடைக்கும் என்று எனக்குத் தோன்றியது. மீகூன் கோரேங் என்கிற வறுத்த சேமியாவும், உருளைக்கிழங்கு மசாலா வைத்துப் பொரிக்கும் கறிப்பாப்பும் செய்து தரச் சொன்னேன். சந்தோஷமாக ஒப்புக்கொண்டார்.

முந்தின நாள் மதியம் மோகனாவிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது.

“டாக்டர், வயசு, வேலை, பிள்ளைங்க எல்லாம் மாத்திட்டோம். ஆனா அந்தப் பேச்சு அவங்களோடது. அங்க எல்லாருக்கும் அவங்க பேச்சு தெரியும். அத மட்டும் படிக்க வேணாம்.”

நெறிமுறைக் குழு பார்த்து அனுமதித்த அறிக்கைதான், கவலைப்படாதே என்று பதில் எழுதினேன். கூடவே ஒரு கட்டைவிரல் படமும் போட்டேன். அதற்கு மேல் அவள் எழுதவில்லை. ஒரு மாணவி தன் மேற்பார்வையாளரிடம் அதற்கு மேல் என்ன சொல்ல முடியும்?

ஞாயிற்றுக்கிழமை காலை மண்டபம் நிறைந்திருந்தது. நெகிழி நாற்காலிகளில் பெண்கள், பின்னால் ஓரமாக ஆண்கள். பல்கலைக்கழகத்திலிருந்து உதவிக்கு நான்கு மாணவர்கள் வந்திருந்தார்கள். கடைசியில், சுவரை ஒட்டிய மேசையில் பாக்கியம் தட்டுகளை வரிசையாக வைத்து மூடியிருந்தார். மகள் குவளைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் பாக்கியம் கரண்டியைத் தூக்கிக் காட்டிச் சிரித்தார்.

நான் படித்தேன். ஐம்பத்திரண்டு வயதுப் பெண் என்றேன். துப்புரவு வேலை என்றேன். இரண்டு மகன்கள் என்றேன். யாரும் அசையவில்லை. அதன் பிறகு அந்த வாக்கியத்தைப் படித்தேன்.

முதலில் சிரிப்புதான் வந்தது. இரண்டாவது வரிசையில் இருந்த ஒரு பெண் பின்பக்கம் திரும்பி, பாக்கியம் பேசுற மாதிரியே இருக்கு என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. தெரிந்த குரலை எதிர்பாராத இடத்தில் கேட்ட மகிழ்ச்சி. பக்கத்தில் இருந்தவர்களும் சிரித்தார்கள். கோயில் வேலைக்கு ஆள் கூப்பிட்டாலும், கடையில் சாமான் தூக்கச் சொன்னாலும், பாக்கியம் சொல்லும் வார்த்தையாம் அது. எனக்குத் தெரியாது. அங்கிருந்த சின்னப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரிந்திருந்தது.

சிரிப்பு வரிசை வரிசையாக நின்றது. சிரித்தவர்கள் எல்லோரும், தாங்கள் எதைக் கேட்டுச் சிரித்தோம் என்பதை ஒருவர் பின் ஒருவராக உணர்ந்தார்கள்.

அந்த இடத்தில் நான் நிறுத்தாமல் அடுத்த பத்தியைப் படித்திருக்க வேண்டும். குரலை மாற்றாமல், இதுவும் பத்தோடு ஒன்று என்பதைப் போலப் படித்துக்கொண்டே போயிருந்தால், சிலருக்காவது சந்தேகம் சந்தேகமாகவே நின்றிருக்கும். நான் நிறுத்தினேன். தாளிலிருந்து தலையைத் தூக்கி மண்டபத்தின் கடைசியில் நின்ற பாக்கியத்தைப் பார்த்தேன். நான் எங்கே பார்க்கிறேன் என்று மண்டபம் முழுவதும் பார்த்தது.

கோயில் தலைவர் எழுந்தார். மரியாதையான மனிதர்.

“டாக்டர், தப்பா நினைச்சிக்காதீங்க. ஸ்கூல்ல நம்ம பிள்ளைங்க சாப்புடுதுங்க. அவங்களா இல்லையான்னு ஒரு வார்த்த சொல்லிடுங்க.”

“அதை நான் சொல்லக்கூடாது,” என்றேன்.

எங்களுக்குக் கற்பிக்கப்பட்ட பதில் அதுதான். உங்களுக்கும் அதைத்தான் கற்பிப்பார்கள். எந்தப் பயிற்சிக் கையேட்டிலும் அதுதான் சரியான விடை. அன்று அந்த மண்டபத்தில் அதற்கு ஆமாம் என்று பொருள். இல்லை, இது மூவார் பக்கத்துப் பெண், எல்லாத் தோட்டத்திலும் இப்படிப் பேசுகிறவர்கள் உண்டு என்று நான் சிரித்துக்கொண்டே பொய் சொல்லியிருந்தால்? பல வருடங்களாக இதை யோசித்திருக்கிறேன். சொல்லியிருக்க வேண்டும் என்றுதான் இப்போது நினைக்கிறேன். அன்று என் வாயில் அந்தப் பொய் வரவில்லை. என் நேர்மையைக் காப்பாற்றிக்கொண்டேன்.

அதோடு விட்டேனா என்றால் இல்லை. இந்தக் கிருமி சாப்பாட்டின் வழியாகப் பரவாது, ஒழுங்காக மருந்து எடுப்பவர்களால் யாருக்கும் ஆபத்தில்லை என்று விளக்கத் தொடங்கினேன். சொன்னது அத்தனையும் உண்மை. ஆனால் அந்த நேரத்தில் நான் ஏன் சாப்பாட்டைப் பற்றிப் பேசுகிறேன் என்று யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

மகள் கையிலிருந்த குவளையை மேசையில் வைத்தாள். அம்மாவைப் பார்த்தாள். பக்கத்துக் கதவு வழியாக வெளியே போய்விட்டாள். பாக்கியம் போகவில்லை. அவ்வளவு பாத்திரங்களை விட்டுவிட்டு அவர் எப்படிப் போவார்? கரண்டியைப் பிடித்துக்கொண்டு அதே இடத்தில் நின்றார். கூட்டம் முடிந்தது. ஆட்கள் மேசையைச் சுற்றிக்கொண்டு போனார்கள். பிள்ளைகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள். தட்டுகளின் மூடியை யாரும் திறக்கவில்லை. என்னோடு வந்த மாணவர்கள் அந்தக் கிருமி எப்படிப் பரவும், எப்படிப் பரவாது என்று தேர்வு எழுதித் தேறியவர்கள். அவர்களும் பசியில்லை என்றார்கள்.

மோகனா மட்டும் போனாள். தட்டு எடுத்து, மீகூனை அள்ளி வைத்து, பாக்கியத்தின் பக்கத்தில் நின்றபடியே சாப்பிட்டாள். அழுதுகொண்டே சாப்பிட்டாள். முடித்துவிட்டு இன்னொரு தட்டு வாங்கினாள்.

நான் மண்டபத்தின் முன்பக்கம் தலைவரோடு வாதாடிக்கொண்டிருந்தேன். இருபதடி நடந்துபோய் ஒரு வாய் சாப்பிட்டிருந்தால், நான் பேசிய அத்தனை பேச்சையும்விட அது அவர்களுக்கு நன்றாகப் புரிந்திருக்கும். எனக்குத் தோன்றவில்லை. நான் விளக்கிக்கொண்டிருந்தேன்.

பிறகு நடந்ததெல்லாம் வேகமாக நடந்தது. கேண்டீன் நடத்தியவர் கொஞ்ச நாள் வீட்டில் இருங்கள் என்று பாக்கியத்திடம் சொல்லிவிட்டார். மகள் பத்து பகாட் நகரத்தில் இருந்த சித்தி வீட்டுக்குப் போய், அங்கிருந்தே பரீட்சை எழுதினாள். கிளினிக்கில் வேலை பார்த்த ஒருவர் அதே குடியிருப்பைச் சேர்ந்தவர்; அதுவரை அவரிடமும் இரத்த அழுத்தம் என்றே சொல்லிச் சமாளித்திருந்தார். அதனால் பாக்கியம் கிளினிக்குக்குப் போவதையும் நிறுத்தினார். நான் இரண்டு முறை வீட்டுக்குப் போனேன். முதல்முறை கதவு திறக்கவில்லை. இரண்டாம் முறை பூட்டு தொங்கியது. அவருடைய எண்ணுக்கு அழைத்தால் அந்த எண் பயன்பாட்டில் இல்லை என்று வந்தது.

கிளினிக் தாதி பல்கலைக்கழகத்துக்குப் புகார் எழுதினார். மூன்று பேர் கொண்ட குழு என்னை விசாரித்தது. பெயர் வெளியிடப்பட்டதா? இல்லை. முகவரி? இல்லை. ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து இருக்கிறதா? இருக்கிறது. அடையாளங்கள் மாற்றப்பட்டனவா? மாற்றப்பட்டன. எல்லாவற்றுக்கும் தாள் இருந்தது. கடைசியாக ஒன்று கேட்டார்கள். உங்கள் ஆய்வுக் குழுவில் யாராவது முன்கூட்டியே எதிர்ப்புத் தெரிவித்தார்களா?

என் கைப்பேசி பைக்குள் இருந்தது. மோகனாவின் செய்தி அதில் இருந்தது.

“பொதுவாக எல்லாவற்றையும் கலந்து பேசினோம்,” என்றேன்.

அவர்கள் அதை எழுதிக்கொண்டார்கள். மோகனாவை அழைக்கவில்லை. விதிமீறல் எதுவும் இல்லை, இனிமேல் கூடுதல் கவனம் தேவை என்று முடிவு வந்தது. எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்தக் கடிதத்தை மோகனாவிடம் காட்டினேன். அவளுக்கும் நிம்மதியாக இருக்கும் என்று நினைத்தேன் என்றால் நீங்கள் நம்புவீர்களா? அவள் இரண்டு பக்கத்தையும் நிதானமாகப் படித்தாள்.

“நான் அனுப்பின மெசேஜ் பத்தி ஒண்ணும் இல்லையே, டாக்டர்.”

அதைச் சொன்னால் விஷயம் இன்னும் சிக்கலாகும், உன் பட்டமும் தாமதமாகும் என்றேன். அவள் கடிதத்தை மடிக்காமல் மேசையில் வைத்தாள். அடுத்த மாதம் படிப்பை விட்டுவிட்டாள். இத்தனை வருடத்தில் எனக்குக் கிடைத்த மாணவர்களில் களப்பணிக்கென்றே பிறந்தவள் அவள். அவளை இந்த வேலையிலிருந்து விரட்டியவள் நான்.

ஏறக்குறைய ஒரு வருடம் கழித்து அவளே அழைத்தாள். நலம் விசாரிக்கவில்லை. பாக்கியம் அக்காவைக் கண்டுபிடித்துவிட்டேன், கெலாங் பாத்தாவில் இருக்கிறார், ரொம்ப முடியவில்லை, ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன் என்கிறார், நீங்கள் வர வேண்டும் என்றாள்.

கடைவீட்டு மாடியில் ஓர் அறை. தொழிற்சாலையில் துப்புரவு வேலை பார்த்த மூன்று பெண்களோடு சேர்ந்து தங்கியிருந்தார். என் அறிக்கையில் நான் பொய்யாக எழுதிய வேலை கடைசியில் அவருக்கு உண்மையாகவே வந்து சேர்ந்திருந்தது. படுத்திருந்தவரை எனக்கு அடையாளம் தெரியவில்லை. இருமல் அவரைப் பேசவிடவில்லை. மருந்து நின்று பல மாதங்கள் ஆகியிருந்தன. புது கிளினிக்கில் மருந்து வாங்கப் பழைய கிளினிக்கிலிருந்து கடிதம் வேண்டும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். பழைய இடத்துக்குத் திரும்பிப் போய்க் கடிதம் கேட்பதைவிட மருந்து இல்லாமல் இருப்பது அவருக்குச் சுலபமாக இருந்திருக்கிறது. தாதியிடம் நான் பேசி ஒரே நாளில் கடிதத்தை வரவழைத்தேன். அவ்வளவுதான் அந்த வேலை. ஒரு நாள்.

ஜொகூர் பாருவில் மருத்துவமனையில் சேர்த்தோம். காசநோய் முற்றியிருந்தது. மூன்று வாரம் இருந்தார். மோகனா தினமும் போனாள். நான் போன ஒரு நாள் அவருக்கு மூச்சு கொஞ்சம் சீராக இருந்தது. முகக்கவசத்தோடு கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, செய்ததற்கெல்லாம் மன்னிப்புக் கேட்டேன். மோகனா எச்சரித்ததையும் நான் கேட்காததையும் சொன்னேன். குழுவின் முன் அதை மறைத்ததையும் சொன்னேன்.

“நீங்க கெட்டவங்களா இருந்திருந்தா நான் வாயே தொறந்திருக்க மாட்டேன், டாக்டர்,” என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. மன்னித்ததாகவும் சொல்லவில்லை. அன்பாக இருங்கள், நம்பிக்கையை வளர்த்துக்கொள்ளுங்கள், அப்போதுதான் மனம் திறந்து பேசுவார்கள் என்று உங்களுக்குப் பாடம் நடத்துவார்கள். நானும் நடத்தியிருக்கிறேன். அந்த வார்த்தையைக் கேட்ட பிறகு அந்தப் பாடத்தை என்னால் நடத்த முடியவில்லை.

மகளை மோகனா பத்து பகாட்டிலிருந்து கூட்டிவந்தாள். கடைசி ஐந்து நாளும் அந்தப் பெண் அம்மாவோடு இருந்தாள். அவர்கள் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள முயலவும் இல்லை. ஒரு வியாழக்கிழமை காலை பாக்கியம் இறந்துபோனார். தகனத்துக்குக் குடியிருப்பிலிருந்து கோயில் தலைவர் மட்டும் வந்திருந்தார். என் பக்கத்தில் வந்து நின்றார்.

அதன் பிறகு மோகனாவின் செய்தியையும் என் பதிலையும் அந்தக் கட்டைவிரலோடு சேர்த்து அச்செடுத்து, விசாரணைக் குழுவுக்கு ஒரு கடிதம் எழுதினேன். பெற்றுக்கொண்டோம், விவகாரம் ஏற்கெனவே முடிக்கப்பட்டது என்று இரண்டு வரியில் பதில் வந்தது.

ஓய்வு பெற்றதும் மோகனாவைப் பார்க்கப் போனேன். குளுவாங்கில் ஒரு டியூஷன் நிலையத்தில் கணிதம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். கடிதம் எழுதியதைச் சொன்னேன். அவள் தலையாட்டினாள். பரவாயில்லை என்று ஒரு வார்த்தை வரும் என்று நான் காத்திருந்தேன் போலிருக்கிறது. அவள் வேறொன்று கேட்டாள்.

“மத்த பத்து பேரையும் போய்ப் பாத்தீங்களா?”

அவள் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. மண்டபத்தில் நடந்தது மற்ற தோட்டங்களுக்கும் பரவியிருந்தது. யூனிவர்சிட்டி ஆட்களிடம் பேசினால் கூட்டம் போட்டுப் படிப்பார்கள் என்று. எங்களிடம் பேசிய மற்ற பத்துப் பெண்களும் அதைக் கேட்டுக்கொண்டு, அடுத்தது நாம்தானோ என்று இருந்திருக்கிறார்கள். பாக்கியத்தைப் பற்றியே நினைத்து நினைத்து நான் வருந்திக்கொண்டிருந்தேன். அந்தப் பத்துப் பேரைப் பற்றி ஒரு நாள்கூட நினைக்கவில்லை. என் வருத்தம்கூட என்னைப் பற்றியதாகத்தான் இருந்திருக்கிறது.

மோகனா போயிருந்தாள். படிப்பை விட்ட பிறகு, யாரும் சொல்லாமல், ஒவ்வொருவரையும் தேடிப்போய், உங்கள் பேச்சு எங்கேயும் படிக்கப்படாது என்று சொல்லியிருக்கிறாள். இரண்டு பேர் கிளினிக்கை விட்டிருந்தார்கள். ஒருவரை மன்றாடித் திரும்ப அனுப்பிவைத்தாள். மற்றவர் வீட்டை மாற்றிக்கொண்டு போய்விட்டார். ஆயர் ஈத்தாமில் நாத்தனார் பானைக்கடை வைத்திருக்கிறாராம், அங்கே இருக்கலாம் என்று கேள்வி. அவள் ஒருமுறை போய்ப் பார்த்தும் கிடைக்கவில்லை.

நான் போகிறேன் என்றேன். பேர் சொல்லி விசாரிக்காதீங்க டாக்டர் என்று மட்டும் சொன்னாள்.

ஊரையும் கடையையும் மாற்றித்தான் எழுதுகிறேன். நெடுஞ்சாலையில் போகிறவர்கள் நிறுத்திப் பூச்சட்டி வாங்கும் கடைகள் அங்கே வரிசையாக இருக்கின்றன. வாரம் ஒருமுறை போய்க் கடை கடையாக ஏறி இறங்கினேன். யாரையும் எதுவும் கேட்கவில்லை. என் வீட்டு முற்றத்தில் தேவையில்லாத சட்டிகள் சேர்ந்தன. ஐந்தாவது முறை ஒரு கடையில், தரையில் உட்கார்ந்து பழைய செய்தித்தாளில் சட்டிகளைச் சுற்றிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். நான் தேடியவர்தான். என்னைக் கண்டதும் கை நின்றுவிட்டது. முகம் வெளுத்துப்போனது. கல்லாவில் இருந்த நாத்தனார் அதைக் கவனித்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“இவங்கள தெரியுமா உங்களுக்கு?”

“இல்லம்மா,” என்றேன். “ரோஜா வைக்கிற மாதிரி ஒரு சட்டி வேணும். கொஞ்சம் பெருசா.”

நாத்தனார் இரண்டு மூன்று சட்டிகளை எடுத்துக் காட்டினார். ஒன்றைச் சரி என்றேன். கீழே இருந்தவர் அதை வாங்கிச் சுற்றினார். உடம்பு தேறித்தான் இருந்தது. மருந்து எடுக்கிறாரா இல்லையா என்பது பார்த்ததும் தெரிகிற விஷயம் இல்லை. கேட்கவும் முடியாது. சட்டியை என்னிடம் நீட்டும்போது அவர் என் கண்ணைப் பார்க்காமல், நாத்தனாருக்கும் கேட்கும்படியே சொன்னார்.

“இன்னும் வேணும்னா எப்பவும் வாங்க. மாசத்துல மொத செவ்வாய் மட்டும் நான் கடையில இருக்க மாட்டேன். பத்து பகாட் போயிடுவேன்.”

“சாமி கும்பிடப் போவாங்க,” என்று நாத்தனார் எனக்கு விளக்கினார். “ஒரு மாசம்கூட தவறமாட்டாங்க.”

நல்லதும்மா என்று சொல்லிவிட்டுச் சட்டியை வாங்கிக்கொண்டு வந்தேன்.

மருந்து வாங்கப் போகும் நாளைத்தான் அவர் எனக்குச் சொன்னார் என்று நினைக்கிறேன். பத்து பகாட் கிளினிக்கில் இப்படிப்பட்ட நோயாளிகளைப் பார்க்கும் நாள் எது என்று தாதியிடம் ஒரு வார்த்தை கேட்டால் தெரிந்துவிடும். அடுத்த மாதம் அந்தச் செவ்வாய்க்கிழமை காலை காரை எடுத்துக்கொண்டு போய் கிளினிக் எதிரே தூரத்தில் நிறுத்தினால், அவர் உள்ளே போகிறாரா என்று என் கண்ணாலேயே பார்த்துவிடலாம். இருபத்தாறு வருடப் பழக்கம், எதையும் சரிபார்க்காமல் இருக்க மனம் கேட்காது. அன்று காலை சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு வாசல்வரை வந்தேன். பிறகு உள்ளே போய் உட்கார்ந்துவிட்டேன். தாதியிடமும் இதுவரை கேட்கவில்லை.